பிராசஸருக்கு எத்தனை வோல்ட் வரை கொடுக்கலாம்? ஓவர்கிளாக் செய்யும் பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

ராஜபாளையத்தில் என் தங்கை மகன் நிக்காஹ் வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறான். புது கம்ப்யூட்டர் வாங்கக் கையில் பணம் போதாததால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தம்பியிடம் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினான். அதில் இருந்தது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 3600 பிராசஸர். வாங்கும்போது போட்டுக் காட்டினார்கள், நன்றாகவே ஓடியது. மூன்றாவது வாரம் ஒரு கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது பாதியில் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி போட்டான், மறுபடியும் அதே கதை. மாப்பிள்ளை வீட்டார் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

கரண்ட் ஏறி இறங்குவதால்தான் என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்கினான். சரியாகவில்லை. ரேமை மாற்றினான். அதிலும் சரியாகவில்லை. கடைசியில் இருவரும் உட்கார்ந்து பயாஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், கோர் வோல்டேஜ் 1.45 என்று நிரந்தரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

விற்ற தம்பிக்குப் போன் செய்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "ஹஜ்ரத், ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுச்சு. ஒரு நாளும் தகராறு பண்ணல. கம்பெனி செட்டிங்லயே 1.45 காட்டுச்சே, அதைத்தானே நானும் வச்சேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனி செட்டிங்கில் அந்த எண் தெரிந்தது உண்மை. இரண்டு வருடம் ஓடியதும் உண்மை. ஆனாலும் பிராசஸர் கெட்டுவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இன்று இதே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வீட்டுக் கரண்டும் பிராசஸர் வோல்டேஜும்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அதை 12 வோல்ட்டாக இறக்குகிறது. மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றியுள்ள சிறு மின்சுற்றுகள் அந்த 12 வோல்ட்டையும் இன்னும் இறக்கி, ஏறக்குறைய 1.2 வோல்ட்டாகப் பிராசஸருக்குக் கொடுக்கின்றன. ஆகவே வெளியே ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். எது வைத்தாலும், பயாஸில் நாம் எழுதி வைக்கும் எண்ணின் பாதிப்பிலிருந்து அவை பிராசஸரைக் காப்பாற்றாது. அந்த எண் உள்ளே போகும் கடைசி வாசலில் இருக்கிறது.

1.2 வோல்ட்தானே என்று இலேசாக எண்ணிவிட வேண்டாம். 100 வாட் சக்தியை 1.25 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 80 ஆம்பியர் பாய வேண்டும். நம் வீட்டில் ஏ.சி.க்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். விரல்நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டுக்குள் அதைப்போல் ஐந்து மடங்கு கரண்ட் ஓடுகிறது.

வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை

பிராசஸருக்குக் கம்பெனி வைத்திருக்கும் வேகத்தைவிடக் கூடுதல் வேகம் வைப்பதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து மூட வேண்டும். துடிப்பு வேகமானால் திறந்து மூடக் கிடைக்கும் நேரம் குறைகிறது. வோல்டேஜைக் கூட்டினால் அவை சீக்கிரமாகத் திறந்து மூடும். அதனால்தான் வேகத்தைக் கூட்டுகிறவர்கள் வோல்டேஜையும் கூட்டுகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. செலவாகும் சக்தி வேகத்தைப் பொறுத்து நேராகக் கூடும். வோல்டேஜைப் பொறுத்தோ அதன் வர்க்கமாகக் கூடும். உதாரணமாக 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடும் பிராசஸரை 4.3 கிகாஹெர்ட்ஸ், 1.40 வோல்ட்டுக்குக் கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏழரை சதவீதம் கூடுகிறது. சக்திச் செலவு ஏறக்குறைய 46 சதவீதம் கூடுகிறது. இதற்கு மேல் கசியும் மின்சாரமும் சேரும். இது முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். பத்து நிமிடம் எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் நாற்பது விநாடி மிச்சமாகும். அந்த நாற்பது விநாடிக்குத்தான் இவ்வளவு சூடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தீயைக் கூட்டினால் பால் சீக்கிரம் வற்றும். ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் எவ்வளவு வேகமாகக் கிண்டினாலும் அடிப்பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. கருகுவது அடியில்தான்.

உள்ளே என்ன தேய்கிறது?

பிராசஸரின் ஆயுளைக் குறைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, கம்பிகள் தேய்வது. உள்ளே ஓடும் உலோகக் கம்பிகள் நம் தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியவை. அதிகக் கரண்ட் பாயும்போது எலக்ட்ரான்கள் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. ஆற்று வெள்ளம் கரை மண்ணை அரிப்பது போல, ஓரிடத்தில் கம்பி மெலிகிறது, இன்னோரிடத்தில் அணுக்கள் குவிகின்றன. இதை எலக்ட்ரோமைக்ரேஷன் என்கிறார்கள். ஜேம்ஸ் பிளாக் என்ற பொறியாளர் 1960களின் இறுதியிலேயே இதற்கொரு சமன்பாட்டைத் தந்தார். கரண்டின் அடர்த்தி கூடினால் ஆயுள் குறையும், வெப்பநிலை கூடினால் ஆயுள் இன்னும் வேகமாகக் குறையும் என்பது அதன் சாரம்.

இரண்டாவது, டிரான்சிஸ்டரின் தடுப்புப் படலம் நைந்து போவது. ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் தாண்டிச் செல்லாமல் தடுக்கும் ஒரு படலம் இருக்கிறது. அதன் கனம் சில நானோமீட்டர் மட்டுமே. காற்றில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வந்தால் தீப்பொறி பறக்கும். இந்தப் படலத்தின் மீதுள்ள அழுத்தத்தை அதே கணக்கில் சொன்னால் சென்டிமீட்டருக்குப் பல இலட்சம் வோல்ட். ஏற்கெனவே எல்லைக்கு அருகில்தான் அது வேலை செய்கிறது. அதனால்தான் 0.1 வோல்ட் கூடுதல் என்பது நமக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் அதற்குப் பெரிது.

இந்த இரண்டும் ஒரே நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கின்றன. முதல் அடையாளம் பிராசஸர் அடியோடு நின்றுபோவது அல்ல. நேற்று வரை 1.30 வோல்ட்டில் ஓடிய அதே வேகத்துக்கு இன்று 1.32 தேவைப்படும், சில மாதம் கழித்து 1.35 தேவைப்படும். கொடுக்காவிட்டால் வேலை மும்முரத்தில் ரீஸ்டார்ட் ஆகும். பலர் இந்த இடத்தில் வோல்டேஜை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார்கள். அது தேய்மானத்தை இன்னும் வேகப்படுத்துகிறது. "ரெண்டு வருஷமா ஓடுச்சு" என்பது பாதுகாப்புக்கு ஆதாரமல்ல. அந்த இரண்டு வருடத்தில்தான் தேய்ந்திருக்கிறது.

ஒரே 1.45, இரண்டு அர்த்தம்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். கம்பெனி செட்டிங்கிலேயே 1.45 காட்டும்போது அதையே வைத்தால் என்ன தவறு?

ரைசன் 3000 வரிசைப் பிராசஸர்கள் 2019 ஜூலையில் வெளிவந்தன. அவை தாமே தமக்கான வோல்டேஜை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொள்பவை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது ஒரே ஒரு கோர் மட்டும் சற்று நேரம் விழித்து வேகமாக ஓடும். அப்போது வோல்டேஜ் 1.4, 1.5 வரை ஏறும். ஆனால் பாயும் கரண்ட் மிகக் குறைவு. அது வழக்கமானதுதான் என்று ஏ.எம்.டி.யே விளக்கியிருக்கிறது. வீடியோ எக்ஸ்போர்ட் போல ஆறு கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது, பிராசஸர் தானாகவே வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கிவிடும். ஆறு கோர் உழைப்பில் கரண்ட் அதிகம், சூடு அதிகம், ஆகவே வோல்டேஜ் குறைவாக இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

நாம் பயாஸில் 1.45 என்று பூட்டி வைக்கும்போது இந்த இறக்கும் வசதியை எடுத்துவிடுகிறோம். ஒரு கோருக்குச் சில விநாடி கொடுக்க வேண்டிய அழுத்தத்தை ஆறு கோருக்கும் மணிக்கணக்கில் கொடுக்கிறோம். சக்தி, கரண்ட் ஆகியவற்றுக்குக் கம்பெனி வைத்த வரம்புகளும் அந்த நிலையில் விலகிவிடுகின்றன. அளவு மீறிச் சூடானால் அணைத்துவிடும் பாதுகாப்பு மட்டும் மிஞ்சும். அது உடனே எரிந்துபோவதைத் தடுக்கும். மெதுவாகத் தேய்வதைத் தடுக்காது.

ஆகவே "எத்தனை வோல்ட் பாதுகாப்பு?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை கோர் உழைக்கும்போது, எவ்வளவு நேரம், என்ன வெப்பநிலையில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தயாரித்தவர்களே சறுக்கிய இடம்

நம் பிள்ளைகள் தவறுவது இருக்கட்டும், தயாரித்த நிறுவனங்களே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கின்றன.

2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில், குறிப்பாக எக்ஸ்3டி வகைப் பிராசஸர்கள் சில, மதர்போர்டு சாக்கெட்டோடு சேர்ந்து கருகிய படங்கள் வெளியாயின. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ வசதியைப் போட்டால், மதர்போர்டுகள் எஸ்.ஓ.சி. வோல்டேஜ் என்ற இன்னொரு வோல்டேஜை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தன. பிறகு அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுக்கும் பயாஸ் புதுப்பிப்பு வந்தது.

அடுத்தது இன்டெல். 2022 அக்டோபரில் வந்த 13ஆம் தலைமுறை, 2023 அக்டோபரில் வந்த 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், விளையாட்டுகள் காரணமின்றி நின்றுபோவதாக உலகம் முழுவதும் புகார் எழுந்தது. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இது நேர்ந்தது. பிராசஸரின் உள் நிரலே தவறுதலாக அதிக வோல்டேஜ் கேட்டதும் ஒரு காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் வந்த புதுப்பிப்பு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க முடியாதபடி எல்லை வைத்தது. செப்டம்பரில் இன்னொரு புதுப்பிப்பும் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை மேலும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பிராசஸரை எந்தப் புதுப்பிப்பும் திரும்பச் சரிசெய்யாது என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் இந்த வரிசைப் பிராசஸர்கள் இருந்தால், ஓவர்கிளாக் செய்தாலும் செய்யாவிட்டாலும், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸ் போட்டுக்கொள்வது அவசியம்.

எந்த எண்ணில் நிறுத்துவது?

கீழே உள்ளவை கம்பெனி உத்தரவாதம் தரும் எண்கள் அல்ல. நீண்ட நாள் ஓட வேண்டும் என்று நினைக்கும் அனுபவசாலிகள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லைகள். எல்லாமே முழு உழைப்பின்போது அளந்து பார்க்க வேண்டியவை.

ரைசன் 3000, 5000 வரிசைகளில் எல்லா கோர்களுக்கும் நிரந்தர வோல்டேஜ் வைப்பதென்றால் 1.25 முதல் 1.30 வரை. 1.325க்கு மேல் போக வேண்டாம்.

இன்டெல் 6 முதல் 9ஆம் தலைமுறை வரை 1.35க்குள். நல்ல கூலர் இருந்து சூடும் கட்டுக்குள் இருந்தால் அதிகபட்சம் 1.40. இவற்றின் தொழில்நுட்ப ஏட்டில் 1.52 என்று ஓர் எண் இருக்கும். அதை எடுத்துக்காட்டி வாதிடுபவர்கள் உண்டு. பிராசஸர் கேட்கக்கூடிய வோல்டேஜின் உச்சவரம்பு அது. எல்லா கோரும் உழைக்கும்போது நாள் முழுக்கக் கொடுக்கலாம் என்பதற்கான அனுமதி அல்ல.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறைகளில் கையால் வோல்டேஜ் கூட்டவே வேண்டாம். பயாஸில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்கைத் தேர்ந்தெடுத்து விட்டுவிடுங்கள்.

எக்ஸ்3டி வகைப் பிராசஸர்களில் கூடுதல் நினைவகத் தகடு ஒட்டப்பட்டிருப்பதால் அவை அதிக வோல்டேஜைத் தாங்குவதில்லை. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் ஓவர்கிளாக் வசதியையே ஏ.எம்.டி. பூட்டிவிட்டது. இவற்றையும் தொடாதீர்கள்.

நம் ஊர் வெயிலும் பஞ்சும்

பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில், அல்லது 22, 24 டிகிரியில் ஏ.சி. ஓடும் அறையில் எடுக்கப்பட்டவை. ராஜபாளையத்தில் மே மாதம் மதியம் மாடி அறையில் 37 டிகிரி சாதாரணம். அறை 13 டிகிரி கூடுதலாக இருந்தால் பிராசஸரும் ஏறக்குறைய 13 டிகிரி கூடுதலாகவே இருக்கும். அவர்களுக்கு 75 காட்டும் அதே செட்டிங் நமக்கு 88 காட்டும். அவர்களுக்குப் பாதுகாப்பான எண் நமக்கும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று பஞ்சு. மில்களுக்கும், சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கும் அருகில் குடியிருப்பவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் தெரியும். கூலர் தகடுகளுக்கு இடையில் பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். காற்று உள்ளே போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். எந்த ஓவர்கிளாக்கையும்விட இது அதிகப் பலன் தரும்.

செய்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு

முதலில், இப்போதுள்ள பயாஸ் செட்டிங்கைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள். சில மதர்போர்டுகள் ஆட்டோவில் தேவைக்கு மிஞ்சிக் கொடுக்கும். குறைந்த வோல்டேஜில் தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

பயாஸில் எழுதும் எண் வேறு, உழைக்கும்போது பிராசஸருக்குக் கிடைக்கும் எண் வேறு. கரண்ட் கூடும்போது வோல்டேஜ் சற்றுச் சரியும். இந்தச் சரிவை ஈடுகட்ட லோடுலைன் கேலிப்ரேஷன் என்ற வசதி உண்டு. அதை உச்சத்தில் வைத்தால், உழைப்பு சட்டென்று நிற்கும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் வைத்த எண்ணுக்கும் மேலே துள்ளும். நடு அளவில் வைப்பதே நல்லது.

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வோல்டேஜையும் வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே, சினிபெஞ்ச் போன்ற சோதனையை அரை மணி நேரம் ஓட விடுங்கள். 85 டிகிரியைத் தாண்டினாலோ, மேலே சொன்ன வோல்டேஜ் எல்லையைத் தொட்டாலோ அங்கேயே நிறுத்தி ஒரு படி இறங்கிவிடுங்கள். மே மாதத்திலும் அதே செட்டிங் தாங்குகிறதா என்று மறுபடி சோதியுங்கள்.

எதிர்த்திசையில் போவதும் ஒரு நல்ல வழிதான். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 0.05 அளவுக்குக் குறைத்துப் பார்ப்பதை அண்டர்வோல்ட் என்கிறார்கள். நிலையாக ஓடினால் சூடு குறையும், ஃபேன் சத்தம் குறையும், கரண்ட் பில்லும் சற்றுக் குறையும். ஓடாவிட்டால் ரீஸ்டார்ட் ஆகுமே தவிர, பிராசஸர் கெடாது.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பத்து நிமிடம் ஓடுவதைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றச் சொல்லி, எல்லா கோரும் உழைக்கும் சோதனையை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் ஹார்டுவேர் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். "ஓவர்கிளாக் செய்திருந்தீர்களா, எத்தனை வோல்ட்டில்?" என்று நேராகவே கேளுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நாம் சிறுவயதிலேயே ஓதிக் கற்றது. மாட்டுச் சந்தைக்கும் துணிக்கடைக்கும் பொருந்தும் அந்த ஒழுக்கம் பிராசஸருக்கும் பொருந்தும். ஓவர்கிளாக் செய்து ஓட்டிய பிராசஸரை அப்படியே சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்குக் கொடுங்கள். ஓவர்கிளாக்கால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது. வோல்டேஜ் கூட்டிக் கெடுத்துவிட்டு, ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி வாரண்டியில் மாற்றி வாங்குவதும் அதே குறை மறைப்புதான்.

தங்கை மகனின் பிராசஸரை டிஃபால்ட்டுக்கு மாற்றியும் எக்ஸ்போர்ட்டில் ரீஸ்டார்ட் நிற்கவில்லை. அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது. வேகத்தை 3.7 கிகாஹெர்ட்ஸில் நிறுத்திய பிறகுதான் நிலைத்தது. வேகம் கூட்டியதன் பலனாக, புதிதில் இருந்த வேகமும் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி மறுவாரம் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, பிராசஸருக்கு வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவில்லை. "தெரியாம செஞ்சது ஹஜ்ரத், ஆனா காசு வாங்குனது நான்தானே" என்றார். கல்யாண வீடியோவும் ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் திறந்து கற்றுக்கொள்வதைப் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: "எத்தனை வோல்ட்ல வச்சிருக்கே? முழு வேலை ஓடும்போது எத்தனை டிகிரி காட்டுது?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிள்ளை பெரும்பாலும் எதையும் கெடுத்துவிடாது.